மூச்சக்காவின் “விடலாம்”

எங்கள் எக்ஸ்ரே மையத்தில் எனக்கும் மூச்சக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர் படம் எடுப்பார். இந்தப் பக்கம் நான், படத்தைப் பார்த்து மருத்துவர் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்து அறிக்கையாக்குவேன். சுவருக்குள் ஈயத் தகடு பதித்திருப்பதால் கதிர் இந்தப் பக்கம் வராதாம். குரல் மட்டும் தாராளமாக வரும். பதினோரு வருஷமாக, ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை, அவர் குரலைக் கேட்டுக்கொண்டேதான் நான் வேலை பார்த்தேன்.

“மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க.”

பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு, “விடலாம்.”

இதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மற்ற இடங்களில் “விடுங்க” என்பார்கள். இவர் மட்டும் “விடலாம்” என்பார். ஒரு நாள் காரணம் கேட்டேன். “விடுங்கன்னா அதுவும் இன்னொரு வேலை ஆயிடும்டி. ஏற்கெனவே பயந்துபோய் வந்திருக்காங்க. விடலாம்னா அவங்க இஷ்டம்,” என்றார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு யோசனையா என்று நான் நினைத்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது, வாய் கொஞ்சம் நீளம், எதையும் சட்டுபுட்டென்று முடித்துவிட்டு எழுந்து போகவேண்டும். மருத்துவரே ஒரு சொல்லைத் தேடி இழுத்தால் நான் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

அவருக்குத் தொழிலில் இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளியை மூச்சுப் பிடிக்கச் சொன்னால் தானும் கூடவே பிடிப்பார். தனக்கு நெஞ்சு முட்ட ஆரம்பித்தால் அந்த ஆளுக்கும் முட்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பியதே இல்லை. எங்கள் மையத்தில் வீணாகும் படங்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒருவருக்கு இரண்டாம் முறை கதிர் பாய்ச்ச நேர்ந்தால் ஏன் என்று அதில் எழுதியே ஆகவேண்டும். சாயங்கால வேலைக்கு வருகிறவர் பக்கம் பக்கமாக எழுதுவார், காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்தான்: ‘நோயாளி அசைந்தார்.’ யார் மேல் தப்பானாலும் பழி நோயாளி தலையில்தான். அக்காவின் பெயரில் மாதத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம். மாதக் கடைசியில் அந்த நோட்டைத் தட்டச்சு செய்து பெரிய டாக்டருக்குக் கொடுப்பது என் வேலை என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்காவின் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், எக்ஸ்ரே கருவிக்கு ‘உங்க அக்கா கேமரா’ என்று பெயர் வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு இருமல் வந்து போகவே இல்லை. “சும்மா ஒரு போட்டோ எடுத்துடலாம் வாங்க” என்று அக்காதான் அழைத்து வந்தார். சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. இழுங்க, பிடிங்க, அசையாதீங்க. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

“எப்படி வந்திருக்கு?” என்று அவர் கேட்டார்.

“சட்டையைப் போடுங்க,” என்றார் அக்கா.

இடது பக்க நுரையீரலில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. காசநோய். அதிலும் சாதாரண மருந்துக்கு மசியாத வகை. பதினெட்டு மாதம் ஊசியும் மாத்திரையும். பஸ் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆள் பாதியாகக் கரைந்துபோனார். அந்தப் பதினெட்டு மாதமும் அக்கா ஒரு நாள்கூட லீவு போடவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காலையில் அவருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார், அறுபது பேரைப் படம் எடுப்பார், மூச்சு விட நேரமில்லாமல் ஓடிப்போய் மறுபடி சமையல். “இரும்பு மனுஷி” என்று நாங்கள் எல்லோரும் வாய் வலிக்கப் பாராட்டினோம். அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் குணமானார். மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுபடி பஸ் ஓட்டப் போன முதல் நாள் காலை, சீருடையில் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு அக்கா வேலைக்கு வந்தார். பத்தரை மணிக்கு என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது.

“எனக்கு மூச்சு வரல.”

“உக்காருங்க அக்கா.”

“விரலெல்லாம் மரத்துப்போச்சு. நெஞ்சு அடைக்குது. நான் செத்துடுவேன்டி.”

கீழே ஓடி டாக்டரைக் கூட்டி வந்தேன். இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் ஒழுங்கு. அரைமணி நேரத்தில் அதுவாகவே அடங்கியும் போனது. அடுத்த வாரம் மறுபடி வந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்தார், ஒவ்வொரு முறையும் சோதனையில் ஒன்றும் இல்லை. வராத நேரத்தில் எப்போது வருமோ என்ற பயம். கடைக்குப் போனால் வாசல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார். லிஃப்டில் ஏறுவதை நிறுத்தினார்.

“புருஷன் நல்லாயிட்டார், வேலைக்குப் போயிட்டார். இப்ப போய் என்ன பயம் உங்களுக்கு? வேலை இல்லாதவங்களுக்குத்தான் இந்தப் பயமெல்லாம் வரும்,” என்று நான் ஒரு நாள் சொன்னேன். சொல்லிவிட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவர்கிட்ட மட்டும் இதப் பத்தி மூச்சு விடாதே. இப்பதான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கார்,” என்றார்.

நான் சத்தியம் செய்தேன். செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். வாய் நீளம்தான், ஆனால் ஓட்டை வாய் இல்லை.

அப்புறம்தான் அந்தத் துணிக்கடைக்காரர் விவகாரம். நல்ல பருமனான மனிதர், வேறெதற்கோ நெஞ்சுப் படம் எடுக்க வந்திருந்தார். இழுங்க, பிடிங்க, அசையாதீங்க என்று குரல் கேட்டது. டக் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு அக்கா வெளியே ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. அக்காவுக்கு அங்கேயே அந்த நெஞ்சடைப்பு வந்துவிட்டது, அந்த நான்காவது வார்த்தையைச் சொல்லாமலே கழிப்பறைக்கு ஓடிவிட்டார். துணிக்கடைக்காரரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்ன சொல் தட்டாதவர். பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிடித்த மூச்சைப் பிடித்தபடியே நின்றிருக்கிறார். கண்ணில் பூச்சி பறந்து, தள்ளாடி, கீழே உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் மையமே இரண்டுபடும்படி கத்தினார்.

பெரிய டாக்டர் அக்காவைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் நேரடியானவர். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்கள அந்த ரூம்ல வைக்க முடியாதும்மா. கீழ பழைய ஃபைல் இருக்கிற ரூமுக்கு மாத்திடுவேன். மொதல்ல மாடியில மூச்சுப் பயிற்சிக்குப் போங்க. ஆறு வாரம் பாருங்க. சரியாகலைன்னா மனநல டாக்டர்கிட்ட மாத்திரைக்கு அனுப்பறேன். அதுலயும் வெக்கப்பட ஒண்ணுமில்ல.”

ஃபைல் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. வெளியே வந்து சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். சரியாக ஏழாவது வாரம், புதன்கிழமை, அவர் கணவருக்கு ஆறு மாதப் பரிசோதனை. நோய் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்கும் படம்.

“சாயங்காலம் வர்றவர் எடுக்கட்டுமே,” என்றேன்.

“என் கையால எடுத்தாத்தான் நல்லா வரும்னு சொல்றார். முடியாதுன்னா ஏன்னு கேப்பார். ஏன்னு கேட்டா நான் என்னடி சொல்வேன்?” பிறகு மெதுவாக, “அந்தப் பட்டனை அமுக்கினா மூணு செகண்டுல திரையில வந்துடும். மொதல்ல நான்தான் பாக்கணும்,” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்விதான். அந்தப் புதன்கிழமை அந்தப் பட்டன் முன்னால் நிற்க முடியுமா, முடியாதா.

மாடியில் மூச்சுப் பயிற்சி கொடுப்பவர் எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர். நுரையீரல் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கெல்லாம் தண்ணீர்க் குவளையில் ஸ்ட்ராவை விட்டு ஊதச் சொல்வார். அதனால் ஸ்ட்ரா டீச்சர். அக்கா லிஃப்டில் ஏறமாட்டார், படியில் தனியாக ஏறவும் பயம். முதல் நாள் நான்தான் கூடப் போனேன். ஊதினால் பயம் போய்விடுமாம் என்று உள்ளூர எனக்கு ஒரே இளக்காரம்.

“மூக்கு வழியா மெதுவா இழுங்க,” என்றார் டீச்சர்.

அக்கா இழுத்தார். அவ்வளவுதான். டீச்சர் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தார். அக்காவின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

“ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க?”

அக்கா புஸ்ஸென்று விட்டார். “நீங்க விடலாம்னு சொல்லவே இல்லையே!”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. “எத்தனை வருஷமா இந்த வேலை?”

“பத்தொம்பது.”

“அவங்க பிடிக்கும்போது நீங்களும் பிடிப்பீங்களா?”

“பின்னே? இல்லாட்டி அவங்களால எவ்வளவு நேரம் முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“சரி. விடலாம்னு அவங்ககிட்ட சொல்லிடறீங்க. நீங்க எப்போ விடுவீங்க?”

அக்கா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “அடுத்த ஆளைக் கூப்பிடணுமே,” என்றார்.

டீச்சர் அவர் முதுகில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்காவுக்குக் காற்று போதாமல் இல்லை, அதிகமாக இருக்கிறது. பாதியை விட்டுவிட்டு அடுத்ததை இழுக்கிறார், அதில் பாதியை விட்டுவிட்டு அதற்கடுத்ததை. பயம் வந்தால் இன்னும் வேகமாக. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதனால் உயிர் போகாது. இழுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தானாக நடக்கும். விடுவதுதான் பயிற்சி. நாலு எண்ணி இழுக்கவேண்டும், எட்டு எண்ணி ஸ்ட்ரா வழியாகத் தண்ணீரில் குமிழ் வரும்படி விடவேண்டும். நடுவில் பிடிக்கவே கூடாது.

“உலகத்துல எல்லாருக்கும் பிடிச்சுப் பழகுங்கன்னு சொல்லலாம். உங்களுக்கு மட்டும் அது வேண்டாம்,” என்றார் டீச்சர்.

மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் என் மேஜை மேல் ஒரு தண்ணீர்க் குவளை. அக்கா ஊதுவார், நான் எண்ணுவேன். முதல் வாரம் படுமோசம். மூச்சைக் கவனிக்க ஆரம்பித்ததுமே பயம் கூடிவிட்டது. மூன்று எண்ணுவதற்குள் ஸ்ட்ராவை எறிந்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். “இது எனக்கு ஒத்துவராதுடி” என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் புதன்கிழமை நெருங்கிக்கொண்டிருந்ததே. “அஞ்சு எண்ணுங்க போதும், எட்டு அப்புறம் பாத்துக்கலாம்,” என்று பேரம் பேசினேன். எனக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று என் வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள்.

மூன்றாம் வாரம் எட்டு வந்தது. ஒரு நாள் ஊதிக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “வலிக்குதா அக்கா?” என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டு ஊதிக்கொண்டே அழுதார், குமிழும் வந்துகொண்டே இருந்தது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். “வரட்டும். அடைச்சு வச்சது மூச்சு மட்டுமா?” என்றார் அவர்.

நான்காம் வாரம் ஒரு தடவைதான் நெஞ்சடைப்பு வந்தது. அறைக்குள்ளேயே நின்று, உதட்டைக் குவித்து ஊதி, தானே சமாளித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் போகும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியத்தில் மண்ணைப் போட்டவர் அவர் கணவர்தான். ஆறாம் வாரம், அக்காவை அழைத்துப் போக வந்தவர் என் கதவருகே நின்றார்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். உங்க அக்கா பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிட்டு, குழாயையும் திறந்து விட்டுக்கிட்டு, அரை மணி நேரம் என்ன பண்றா?”

“குளிப்பாங்க,” என்றேன்.

“குளிச்சா தலை நனையாதா?”

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ தட்டினேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். இதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவர் இரண்டு தடவை இருமினாராம். வெறும் தூசி இருமல்தான். திங்கட்கிழமை அக்காவின் எட்டு மறுபடி மூன்றாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை குவளையைத் தொடவே இல்லை.

புதன்கிழமை பதினொரு மணி. அவர் சீருடையிலேயே வந்திருந்தார். காலைச் சவாரி முடித்துவிட்டு வந்தாராம். போகிற போக்கில், “தங்கச்சி, இன்னிக்கு உங்க அக்கா கேமராவுல நான் அழகா விழணும்,” என்றார். நான் சிரித்தேன். சிரிப்பு வந்த மாதிரி எனக்கே தெரியவில்லை.

சுவர் வழியாக அக்காவின் குரல். “என்னங்க, நெஞ்சைப் பலகையில ஒட்டி வைங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. தாடையை மேல வைங்க.” குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. “மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க.”

டக் வரவில்லை.

நான் தட்டச்சை நிறுத்தினேன். மனதுக்குள் எண்ணினேன். ஐந்து. எட்டு. பத்து. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அக்கா நிற்கும் இடத்துக்கு என் அறையிலிருந்தே ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தேன். அக்கா பட்டன் மேல் விரலை வைத்தபடி நின்றார். கன்னம் உப்பியிருந்தது, பார்வை தடுப்புக்கு அப்பால் கணவர் முதுகின் மேலேயே இருந்தது. எலும்பு தெரியும் முதுகு அது, இன்னும் முழுதாகத் தேறாதது. அக்கா தோளைத் தொடலாமா என்று நினைத்தேன், பயமாக இருந்தது. பதினைந்து. பதினெட்டு. அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எவ்வளவு நேரம் பிடிப்பார்?

அவரால் முடியவில்லை. மூச்சு உடைந்து, ஒரு பெரிய இருமல் கிளம்பி, அப்படியே திரும்பிப் பார்த்தார். இருமல் சத்தத்தில் அக்கா திடுக்கிட்டுப் பட்டனை அமுக்கிவிட்டார். டக்.

அக்கா அப்போதும் விடவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. கணவர் சட்டையில்லாத உடம்போடு நடந்து வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். இருமல் அடங்கியிருந்தது.

“ஏம்மா, நான் விட்டுட்டேன்,” என்றார். “நீ இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கே. விடு.”

அக்கா ஆடவில்லை அசையவில்லை.

“ரெண்டு வருஷமா பிடிச்சுக்கிட்டு இருக்கே. எனக்குத் தெரியாதா?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “சத்தியமா நான் மூச்சு விடல அக்கா,” என்றேன்.

“தங்கச்சி ஒண்ணும் சொல்லல,” என்றார் அவர். “மொத நாள் இங்க படம் எடுத்தப்பவே தெரியும். ஊருல இருக்கிற எல்லாருக்கும் விடலாம்னு சொல்றவ, எனக்கு மட்டும் அன்னிக்குச் சொல்லல. நானும் எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா? சட்டையைப் போடுங்கன்னே. அப்பவே புரிஞ்சுபோச்சு, உள்ள என்னமோ இருக்குன்னு.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த நாள் சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு அறுபது தடவை கேட்கிற வார்த்தை அன்றைக்கு ஒரு தடவை வராமல் போனது என் காதில் விழவே இல்லை. அவருக்கு விழுந்திருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பதினெட்டு மாதம் நகைச்சுவை பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இவர் அவருக்காக மறைத்தார், அவர் இவருக்காகத் தெரியாதது மாதிரி இருந்தார். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அக்கா விட்டார். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு உதட்டைக் குவித்து நீளமாக. ஸ்ட்ரா இல்லை, தண்ணீர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு விட்டுக்கொண்டே இருந்தார். நான் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்து எட்டைத் தாண்டி, பன்னிரண்டில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்புறம் வாய்விட்டு அழுதார்.

“பஸ் டயர்லகூட இவ்வளவு காத்து இருக்காது,” என்றார் அவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

“மறுபடி எடுக்கணும்,” என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “எனக்குப் பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான். எடு.”

அவர் திரும்பிப் போய்ப் பலகையில் நெஞ்சை வைத்தார். நான் என் இடத்துக்குப் போகவில்லை, அங்கேயே நின்றேன். “இந்தத் தடவை நீங்க மட்டும் பிடிங்க. நான் பிடிக்கமாட்டேன்,” என்றார் அக்கா. “மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க.” சொல்லிவிட்டு அவர் தன் மூச்சை வெளியே விட்டார். விட்டுக்கொண்டே அமுக்கினார். டக்.

திரையில் படம் வர மூன்று விநாடி. அக்கா திரையைப் பார்க்கவில்லை.

“விடலாம்,” என்றார். அதற்கப்புறம்தான் பார்த்தார்.

எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. நான் அக்கா முகத்தைத்தான் பார்த்தேன், அதிலும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மருத்துவர் என் அறைக்கு வந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இடது பக்கம் பழைய தழும்பு. முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது. புதிதாக... என்று இழுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். “புதிதாக ஒன்றும் இல்லை,” என்றார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் ஒரு தடவை, பஸ் வர இருபது நிமிஷம் தாமதமான அன்று, அக்காவுக்கு மறுபடி விரல் மரத்தது. இந்தத் தடவை அவரே கணவருக்குப் போன் போட்டு, “எனக்கு வந்திருக்கு. நான் ஊதிக்கிட்டு இருக்கேன், நீங்க எண்ணுங்க,” என்றார். குவளை இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது நானும் ஊதுகிறேன். லிஃப்டில் மட்டும் அக்கா இன்னும் ஏறுவதில்லை.

மாதக் கடைசியில் வீணான படங்களின் நோட்டு என்னிடம் வந்தது. சாயங்காலக்காரரின் பக்கத்தில் வழக்கம்போல நோயாளி அசைந்தார், நோயாளி அசைந்தார். அக்காவின் பெயரில் ஒன்றே ஒன்று. அந்தப் புதன்கிழமை, பதினொன்றே கால் மணி. அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். விலா எலும்பெல்லாம் கலங்கி, தோள் கோணி, ஒரு மனிதர் திரும்பிப் பார்ப்பது எனக்குக்கூடத் தெரியும். காரணம் என்ற இடத்தில் நோயாளி அசைந்தார் என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அது பொய்யும் இல்லை. அக்கா தன் குண்டு குண்டு எழுத்தில் வேறொன்று எழுதியிருந்தார். நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் தட்டச்சு செய்து பெரிய டாக்டர் மேஜையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

“என்னம்மா இது? ‘படம் எடுத்தவர் மூச்சு விட மறந்தார்.’ தப்பா அடிச்சிட்டியா?”

“இல்ல டாக்டர்,” என்றேன். “சரியாத்தான் அடிச்சிருக்கேன்.”